பெண்களுக்கான அகன்ற பனிச்சறுக்கு மட்டை

பெண்களுக்கான அகன்ற பனிச்சறுக்கு மட்டை என்பது, செப்பனிடப்படாத மலைச்சரிவுகளில் புதிதாக விழுந்த மென்பனியின் மீது சறுக்கப் பயன்படும் மட்டை வகையாகும். இதன் நடுப்பகுதி பொதுவாக 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அகலமுடையது. பரப்பு கூடுவதால் உடல் எடை பரவி அழுத்தம் குறைகிறது. மட்டை பனிக்குள் அதிகம் புதைவதில்லை.

வரலாறு

ஆஸ்திரியாவின் அடாமிக் நிறுவனம் 1988 இல் வெளியிட்ட பவுடர் பிளஸ் இவ்வகையின் முன்னோடியாகும். 2002 இல் வெளிவந்த வோலன்ட் ஸ்பாட்டுலா, சேன் மெக்கான்கியின் கருத்தில் உருவானது. நீர்ச்சறுக்கு மட்டையைத் தழுவி, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த வடிவம் இதன்வழி பரவியது.

தேர்வு

பெண்களுக்கெனச் சந்தைப்படுத்தப்படும் மட்டைகளுள் சில, நிறத்திலும் நீளத்திலும் மட்டுமே ஆண்களுக்கானவற்றிலிருந்து வேறுபடுகின்றன. வேறு சில, எடை குறைக்கப்பட்டு எளிதில் வளையுமாறு செய்யப்பட்டவை. இவை பழகுவோருக்கு ஏற்றவை. ஆனால் விரைந்து சறுக்கும் தேர்ச்சி பெற்றவருக்கு, பலர் சறுக்கிக் கிளறிய பனியில் அதிர்ந்து நிலைகுலைகின்றன. எனவே அத்தகையோர் விற்பனைப் பெயரைக் காட்டிலும் மட்டையின் விறைப்பையும், தம் எடைக்கேற்ற நீளத்தையும் கருதுதல் நன்று. குட்டையான மட்டை திருப்ப எளிதெனினும் ஆழ்ந்த பனியில் முனை அமிழும்.

அகலம் மிகுந்த மட்டையை இறுகிய பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்க்கக் கூடுதல் நேரமும் விசையும் தேவை.