பஞ்சாரத்தின் அடியில் ஒரு வரலாறு

விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் பழைய நடுகல் ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருப்பது போரில் மாண்ட வீரனின் உருவம் அன்று. ஒரு சேவலின் உருவம். சேவற்போரில் ஊருக்குப் பெருமை தேடித் தந்த கோழிக்கு எடுத்த நினைவுக்கல் அது. சோழரின் உறையூருக்கும் ‘கோழி’ என்றொரு பழம்பெயர் உண்டு. அங்கே ஒரு சேவல் யானையை எதிர்த்து வென்றதாகப் பழங்கதை கூறுகின்றது.

போரிட்ட சேவலுக்குக் கல்லும் ஊர்ப்பெயரும் கிடைத்தன. ஆனால் முட்டையிட்டு, அடைகாத்து, குடும்பத்தைத் தாங்கிய பெட்டைக் கோழிக்கும் அதனை வளர்த்த பெண்ணுக்கும் நம் வரலாற்று ஏடுகளில் எத்தனை வரிகள் கிடைத்துள்ளன? எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே என்று 1868இல் டார்வின் எழுதினார். அவர் கூற்று பெரிதும் உண்மையே. எனினும் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபுக்கூறு, தென்னிந்தியக் காடுகளுக்கு உரிய சாம்பல் நிறக் காட்டுக்கோழி இனத்திலிருந்து வந்தது என்பதை 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக்கோழியின் எலும்புகளுள் மிகப் பழையவை தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்றும் 2022இல் அறிஞர்கள் அறிவித்தனர். நெல்லும் தினையும் விளைந்த இடங்களில் சிந்திய தானியமே காட்டுப் பறவையை மனிதர் அருகே ஈர்த்தது என்பது அவர்கள் முடிவு. ஆக, வலை வீசியதால் அன்று, மணி சிந்தியதால் தொடங்கிய உறவு இது.

நம் ஊர்களில் அந்த மணி சிந்துவது பெண்ணின் முறத்திலிருந்துதான். குருணையும் தவிடும் அடுப்படி மிச்சமுமே கோழிக்குத் தீனி. குஞ்சுகளுக்குக் கறையான் வேண்டுமென்று, சாணமும் சருகும் நிரப்பிய பழம்பானையை ஈரமண்மீது கவிழ்த்து வைப்பர். கோழி அடைக்கு வந்துவிட்டதை அதன் குரலிலேயே அறிந்து, கூடையில் மணல் பரப்பி முட்டைகளை அடுக்குவர். இடியில் முட்டை கெடாதிருக்கட்டும் என்று இரும்புத் துண்டும் கரித்துண்டும் வற்றல் மிளகாயும் உடன் வைப்பர். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் அஞ்சிப் பஞ்சாரத்தால் மூடி வைப்பர். எந்த நூலிலும் படிக்காத இந்த அறிவு, தாயிடமிருந்து மகளுக்குக் கைம்மாறி வந்த கல்வி.

இக்கல்விக்குப் பயனும் இருந்தது. நிலத்தின் விளைச்சலும் மாட்டின் விலையும் ஆண் கையில் சேர்ந்தன. முட்டைக் காசு மட்டும் பெண்ணிடம் தங்கிற்று. பிள்ளையின் சிலேட்டுக்கும் காய்ச்சல் மருந்துக்கும் யாரிடமும் கை நீட்டாமல் அவள் எடுத்துக் கொடுத்த காசு அது. கோழி வாங்க வழியில்லாதவள், பிறர் கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, பொரித்த குஞ்சுகளில் தன் பங்கைப் பெற்றாள். இரண்டொரு பருவத்தில் அவளுக்கும் சொந்தக் கோழி வாய்த்தது.

இச்சேமிப்பை ஓரிரவில் அழிக்க வல்லது கோழிக்கழிச்சல். 1920களின் பிற்பகுதியில் இமயமலைச் சாரலின் ராணிகேத் நகரருகே கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் ராணிகேத் நோய் என்று பெயர் பெற்றது. அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அது தோன்றிற்று. 1940களில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் இதற்குத் தடுப்பூசி உருவாயிற்று. ஆயினும் நாலைந்து கோழி வளர்ப்பவளின் வாசலுக்கு அது எளிதில் வந்து சேரவில்லை. மருந்தைக் குளிரில் காக்க வேண்டும். ஒரு குப்பியோ நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு உரியது. பெரும் பண்ணைக்கு இவை தடையல்ல, அவளுக்கோ தடை.

அப்பண்ணைகள் 1970கள் முதல் பெருகின. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயர் தாங்கிய லெகார்ன் கோழி, அமெரிக்காவில் முட்டைக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம். நாட்டுக்கோழி ஆண்டிற்கு 60 முட்டை இட்டால் மிகுதி. இன்றைய பண்ணைக்கோழி 300 வரை இடுகின்றது. அதற்கு ஒரு விலை உண்டு. அடைகாக்கும் நாட்களில் கோழி முட்டையிடாது. ஆகவே அடைகாக்கும் இயல்பையே தலைமுறை தலைமுறையாகக் களைந்தனர். பொரிக்கும் வேலை இயந்திரத்திற்குச் சென்றது. கோழி தாய்மையை மறந்தபோது, அதன் குரலறிந்த பெண்ணின் கல்வியும் பண்ணைக்குத் தேவையற்றதாயிற்று.

இதனைப் பழிப்பதற்கில்லை. நாமக்கல்லின் பண்ணைகள் இன்றி முட்டை ஏழைக்கு எட்டியிராது. 1989இல் தமிழகச் சத்துணவில் முட்டை சேர்ந்தபோது, வீட்டில் முட்டையே காணாத பிள்ளைகளின் தட்டிலும் அது வந்தது. பெற்றது பெரிது. இழந்ததையும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. முட்டை பெருகிற்று, முட்டைக் காசோ முந்தானை முடிச்சிலிருந்து நழுவிற்று.

அண்மை ஆண்டுகளில் கிராமப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அரசு வழங்கியுள்ளது. கழிச்சல் தடுப்பூசி முகாம்களும் நடைபெறுகின்றன. நன்று. குஞ்சைக் கொடுப்பவர்கள் இரவில் அடைக்கப் பாதுகாப்பான கூட்டையும், காலம் தவறாத தடுப்பு மருந்தையும் சேர்த்துத் தந்தாலன்றி அக்குஞ்சு நிலைக்காது. வளர்ப்பவளின் அனுபவத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

சேவலுக்குக் கல் எடுத்த நாடு இது. பஞ்சாரத்தைக் கவிழ்த்த கைகளுக்கு நாம் கல் எடுக்க வேண்டா. ‘வீட்டில் சும்மா இருக்கின்றாள்’ என்று சொல்லுமுன், அவள் வளர்த்த கோழிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.