தார்வீதிமேற் கொங்கிறீற்றுத் தளம்: ஒரு வரலாற்று நோக்கு

வீதியமைத்தல் ஒரு காலத்துப் பெருமை. அமைத்த வீதியைக் காத்தலோ எக்காலத்துக்கும் உரிய கடமை. தேய்ந்த தார்வீதியை முற்றாகப் பெயர்த்தெறியாது, அதன்மேற் கொங்கிறீற்றுத் தளம் பரப்பிப் புதுப்பிக்கும் முறை இக்கடமையினின்றும் பிறந்ததாகும். கரிய வீதி வெண்மையுறுதலின், இம்முறையை ஆங்கிலத்தில் வெண்மை குறிக்கும் பெயராலேயே வழங்குவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், இண்டியானா மாநிலத்து டெரஹோட் நகரில் 1918ஆம் ஆண்டிலேயே இம்முறை கையாளப்பட்டது. பின்னர் அயோவா மாநிலத்து நாட்டுப்புற வீதிகள் பலவும் இவ்வாறு புத்துயிர் பெற்றன. எனினும், பொறியியலாளர் நெடுங்காலம் பழைய தாரை வெறும் அடித்தளமாகவே கருதினர். பாரம் முழுவதையும் கொங்கிறீற்றே தாங்கவேண்டுமெனக் கொண்டமையால், தளம் தடித்தது, செலவும் மிகுந்தது.

இக்கருத்தை மாற்றியது 1991இல் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில் நிகழ்ந்த சோதனையாகும். குப்பை கொட்டுமிடத்துக்குச் செல்லும் வீதியொன்றின் மேற்பரப்பைச் சீவித் துப்புரவாக்கி, 50, 90 மில்லிமீற்றர் தடிப்புள்ள தளங்களை இட்டனர். பாரமேற்றிய லொறிகள் இடையறாது ஓடியும், அம்மெல்லிய தளங்கள் எதிர்பார்த்ததினும் நன்கு நிலைத்தன. காரணம் யாது? இரு பலகைகளை ஒன்றன்மேலொன்று வைப்பதற்கும், பசையிட்டு ஒன்றாக்குவதற்கும் உள்ள வேறுபாடே அது. சீவிய தாருடன் கொங்கிறீற்று இறுகப் பற்றியமையால், இரண்டும் ஓருடலாய் வளைந்தன. கொங்கிறீற்றின் அடிப்புறத்தே தோன்றும் இழுவிசை குறைந்தது.

ஆயினும், இவ்வெற்றியை எவ்விடத்துக்கும் பொதுவெனக் கொள்ளல் தகாது. மினசோட்டா மாநிலத்துப் பெருந்தெருவொன்றில் 1997இல் இட்ட சோதனைத் தளங்கள் இதனை உணர்த்தின. ஏறத்தாழ 1.2 மீற்றர் அளவான சதுரங்களாக வெட்டிய பகுதிகளிற் சில பொருத்துகள் வண்டிச் சில்லுகள் செல்லும் தடத்திலேயே அமைந்தன. அதனால் மூலைகள் வெடித்தன. பொருத்துகள் தடத்துக்குப் புறம்பாக அமைந்த பெரிய கட்டங்களோ அவற்றினும் நன்கு தாங்கின.

எனவே, இம்முறையை மதிப்பிடுவோர் முதலில் நோக்கவேண்டியது புதிய தளத்தையன்று, பழைய வீதியையே. சீவிய பின்னர் எஞ்சும் தார் ஏறக்குறைய 75 மில்லிமீற்றரேனும் உண்டா? அது உறுதியானதா? நீர் வடிந்தோட வழியுண்டா? இவற்றுக்கு விடை காணாது இடும் தளம், உளுத்த மரத்திற் பூசிய வண்ணம் போலாகும். பொதுமக்கள் பணமும் வீணாகும். உறுதியான பழைய வீதியோ புதிய தளத்துக்குச் சுமையன்று, துணையேயாம்.