எழுத்தில் நின்றவரும் மேடையோடு மறைந்தவரும்: அம்பாறைக் கரையோரத்தில் நடிகர் நினைவின் வரலாறு

பெரியநீலாவணை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் ஆகிய தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றில் இக்கரையோரத்துக் கவிஞருக்கும் கதாசிரியருக்கும் உறுதியான இடம் உண்டு. ஆனால் இதே ஊர்களின் பாடசாலை மேடைகளிலும் வானொலி நாடகங்களிலும் நடித்து மறைந்தோரின் வாழ்வு, ஊரிலுள்ள முதியோரின் பேச்சைத் தாண்டி அரிதாகவே பதிவாகியுள்ளது. நடிப்பாற்றல் குறைந்திருந்ததால் நேர்ந்த மறதி அன்று இது. ஒரு சமூகம் தன்னிடமுள்ள நினைவுக் கருவிகள் எதைத் தாங்குமோ அதையே காக்கும் என்பதும், இக்கரையோரத்தின் கருவிகள் எழுத்தைத் தாங்குவதற்கு ஏற்றனவாகவும் நடிப்பைத் தாங்குவதற்கு ஏலாதனவாகவும் அமைந்துவிட்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அச்சுக்கு முந்திய காலத்தில் ஆட்டக்காரரின் நினைவு ஆசிரியர் வழியாகவே கடத்தப்பட்டது. கிழக்கிலங்கைத் தமிழரின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கி அரங்கேற்றுபவர் அண்ணாவியார் எனப்படுவார். கோல்களைத் தட்டி வட்டமாக ஆடும் முஸ்லிம்களின் பொல்லடி, களிகம்பு ஆட்டங்களிலும் பழக்குநரை அவ்வாறே அழைப்பதுண்டு. இன்னார் இன்னாரிடம் பழகினார் என்ற தொடர்பின் வழியே பெயர்கள் ஓரிரு தலைமுறை நின்றன. பழகியவர் மறைந்ததும் அப்பெயர்களும் மறைந்தன. சடங்கோடு ஒட்டிய ஆற்றுகையில் தனி நடிகரின் பெயருக்கு இன்னும் குறைந்த இடமே இருந்தது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் பாண்டவராக வருவோர் காலந்தோறும் மாறினாலும் ஊரின் நினைவில் நிலைப்பவர்கள் பாண்டவர்களே.

இந்நிலை கிழக்கின் தமிழ்க் கூத்து மரபைப் பொறுத்தவரை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாறத் தொடங்கியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு வழியாக அண்ணாவிமாரை மேடைக்கு அழைத்துச் சிறப்பித்தார்; 'அலங்கார ரூபன் நாடகம்' முதலிய ஏடுகளை அச்சேற்றினார். பேராசிரியர் சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற விரிவான ஆய்வு அப்பணியைத் தொடர்ந்தது. முஸ்லிம் ஊர்களின் ஆற்றுகைகளுக்கு இத்தகைய ஆய்வாளர் எளிதில் வாய்க்கவில்லை. நாட்டார் பாடல்களைத் திரட்டியோர் சிலர் இருந்தனர். எனினும் பாட்டைத் திரட்டுவது ஒரு பணி, பாடி ஆடியவரின் வாழ்வைத் திரட்டுவது வேறொரு பணி.

நடிகர் தம் வாழ்வைத் தாமே எழுதி வைப்பது தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் வலுப்பெற்ற வழக்கமாகும். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை', 'கலையரசு' க. சொர்ணலிங்கத்தின் 'ஈழத்தில் நாடகமும் நானும்' ஆகிய நூல்கள் ஆசிரியரின் வாழ்க்கையோடு நிற்பதில்லை. அவ்வாசிரியர்களுடன் நடித்துப் பெயரின்றிப் போயிருக்கக்கூடிய எத்தனையோ பேரையும் அவை சேர்த்துக் காக்கின்றன. சொர்ணலிங்கம் 1889இல் பிறந்து 1982இல் மறைந்தவர். அவருடைய நூல் இல்லையேல் யாழ்ப்பாணத்தின் தொடக்ககாலப் பயில்முறை நாடகம் பற்றி இன்று தெரிந்தவற்றுள் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். கல்முனைப் பகுதியின் மேடைக்கு இதையொத்த பரவலாக அறியப்பட்ட தன்வரலாற்று நூல் வாய்க்காதது பேரிழப்பே.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது இறப்புச் சடங்கின் வேறுபாடு. யாழ்ப்பாணத்திலும் கிழக்கின் தமிழ் ஊர்களிலும் ஒருவர் மறைந்த 31ஆம் நாளையொட்டி 'கல்வெட்டு' அல்லது 'நினைவு மலர்' என்னும் சிறுநூல் அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, தொழில், ஈடுபட்ட கலை ஆகியவை படத்துடன் அதில் இடம்பெறும். புகழுரை மிகுந்திருந்தாலும் நாடக வரலாற்றை எழுதுவோருக்கு அது நல்ல சான்றாவணம். முஸ்லிம் ஊர்களில் மரண அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லப்படுகிறது. ஜனாஸா பெரும்பாலும் அன்றே மையவாடியில் நல்லடக்கம் செய்யப்படுகிறது. கத்தமும் யாசீனும் ஓதும் குடும்பங்கள் அவற்றை ஓதி துஆச் செய்கின்றன. தலைமாட்டில் மீசான் கல் நடப்பட்டாலும் அதில் விரிவாக எழுதும் வழக்கம் அரிது. படத்துக்கு மாலையிடுவதும் சிலை வைப்பதும் மார்க்க நோக்கில் ஏற்கப்படுவதில்லை. எளிமையையும் சமத்துவத்தையும் போற்றும் இம்முறையில் குறைகாண இடமில்லை. ஆனால் இறப்பை ஒட்டித் தானாகவே பிறக்கும் ஆவணம் ஒன்று இங்கே பிறப்பதில்லை என்ற உண்மையை வரலாற்றாசிரியர் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அந்த இடத்தை எழுத்துலகம் நிரப்பியிருக்க முடியும். கல்முனையில் 1960கள் அதற்கு மிகவும் வாய்ப்பான காலமாக இருந்தன. பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த ஆசிரியரும் கவிஞருமான நீலாவணனைச் சூழ எம்.ஏ. நுஃமான், சண்முகம் சிவலிங்கம், மருதூர்க் கொத்தன், மருதூர்க்கனி எனத் தமிழரும் முஸ்லிம்களுமான இளம் எழுத்தாளர்கள் கூடினர். செய்யுளில் எழுதி மேடையில் பேசி நடிப்பதற்கான பா நாடகம் அக்காலத்தில் ஈழத்தில் புத்துயிர் பெற்றிருந்தது. நீலாவணன் 'மழைக்கை' என்னும் பா நாடகத்தை எழுதினார். நுஃமான் கல்முனையில் நடத்திய வாசகர் சங்க வெளியீடு, ஈழத்துக் கவிஞர் மகாகவியின் 'கோடை' நாடகத்தை 1970இல் நூலாக்கியது. அ. தாசீசியஸின் நெறியாள்கையில் மேடையேறிய அந்நாடகம் ஈழத்து அரங்க வரலாற்றில் இன்றும் பேசப்படுவதற்கு, கல்முனை முகவரியைத் தாங்கி வந்த அந்த அச்சுப் பிரதியும் ஒரு காரணமாகும்.

நினைவின் சாய்வு தெளிவாகப் புலப்படுவதும் இங்கேதான். நீலாவணன் 1975 ஜனவரியில் தம் 44ஆம் வயதில் மறைந்த பின் அவருடைய படைப்புகள் ஒவ்வொன்றாக நூலுருப் பெற்றன. 'வழி' 1976இலும், 'வேளாண்மை' 1982இலும் வெளிவந்தன. பின்னர் நாடகமும் அச்சேறியது. நூல் உள்ளவரை ஆசிரியர் உள்ளார். மேடையில் அவ்வரிகளைப் பேசியவர்கள் கவிஞராகவோ பேராசிரியராகவோ பின்னர் அறியப்பட்டிருந்தால் அந்த வேறு காரணத்துக்காக நினைக்கப்படுகிறார்கள். நடிப்பதோடு நிறுத்திக்கொண்டு ஆசிரியத் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ வயலுக்கோ திரும்பியவர்கள் நினைக்கப்படுவதில்லை. கல்முனைக் கரையோரத்தில் நடிகர் நினைக்கப்பட வேண்டுமாயின் அவர் எழுதியவராகவும் இருந்தாக வேண்டும் என்ற எழுதப்படாத விதி இவ்வாறு உருவாயிற்று.

வானொலி அவ்விதியைத் தளர்த்தியிருக்க வேண்டும். இலங்கை வானொலியில் 'சானா' என அறியப்பட்ட எஸ். சண்முகநாதன் தயாரித்த நாடகங்களும், முஸ்லிம் நிகழ்ச்சியில் ஒலித்த நாடகங்களும் கரையோர வீடுகளை எட்டின. முகம் காட்டாமல் நடிக்கலாம் என்பதால் மேடையேறத் தயங்கிய சமூகங்களுக்கு, பெண்களுக்குச் சிறப்பாக, வானொலி ஒரு வழியைத் திறந்தது. நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணி எஸ். முத்துமீரான் இப்பகுதி முஸ்லிம்களின் பேச்சுமொழியிலேயே வானொலி நாடகங்களை எழுதினார். நாட்டார் பாடல்களையும் திரட்டி நூலாக்கினார். அவருடைய நாடகங்கள் நூல் வடிவில் கிடைக்கின்றன. அவற்றுக்கு உயிரூட்டிய குரல்களோ காற்றோடு போய்விட்டன. தொடக்க காலத்தில் நாடகங்கள் நேரடியாகவே ஒலிபரப்பாயின என்பதும், பின்னர் பதிவானவையும் பொதுமக்கள் எளிதில் கேட்கும் நிலையில் இல்லை என்பதும் இவ்விழப்புக்குக் காரணங்கள்.

வானொலி வழி நிலைத்த நினைவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'கோமாளிகள்'. எஸ். ராம்தாஸ் எழுதிய இந்நகைச்சுவைத் தொடர் வானொலியில் பெரும் புகழ் பெற்று, 1976இல் திரைப்படமாகவும் வந்தது. நாட்டின் பல சமூகத்தவரும் ஒரே கூரையின் கீழ் உரையாடும் அக்கதையில் ராம்தாஸ் மரிக்காராகவும், டி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தனர். முஸ்லிம் அல்லாத ராம்தாஸ் முஸ்லிம் பாத்திரத்தின் பெயராலேயே வாழ்நாள் முழுதும் 'மரிக்கார் ராம்தாஸ்' என அழைக்கப்பட்டார். 2016இல் அவர் மறைந்தபோது இரங்கற் செய்திகளும் அப்பெயரையே தாங்கின. முஸ்லிம் ஊர்களின் வீடுகளில் மிகப் பரவலாக நினைவுகூரப்படும் முஸ்லிம் பாத்திரம் ஒன்றுக்குக் குரல் கொடுத்தவர் அவ்வூர்களைச் சேராதவர். அவ்வூர்களிலேயே பிறந்து நடித்தவர்களோ பெயரறியாதவர்கள். தலைநகரின் ஒலிபரப்புக்கும் மாகாணத்து மேடைக்கும் இடையே இருந்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

திரையின் கதை சுருக்கமானது. 1962இன் 'சமுதாயம்' முதல் எண்ணிக்கையில் குறைந்த படங்களையே கண்ட இலங்கைத் தமிழ்த் திரைத்துறைக்குத் தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை' ஓர் அடித்தளம் இட்டது. 'நிர்மலா' புகழ் ஏ. ரகுநாதன் 2020இல் பாரிசிலும், 'வாடைக்காற்று' முதலிய படங்களில் நடித்த கே.எஸ். பாலச்சந்திரன் 2014இல் கனடாவிலும் மறைந்தபோது புலம்பெயர்ந்தோர் கூட்டம் கூடியும் கட்டுரை எழுதியும் அவர்களை நினைத்தனர். சிங்களத் திரையின் முதல் நாயகியும், கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவருமான ருக்மணி தேவி 1978இல் விபத்தில் இறந்தபின் நீர்கொழும்பில் சிலையாக நிற்கிறார். கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் இருந்த இடம் உள்ளூர் நடிகருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. தமிழகத் திரை, நினைவுக்கான இடத்தையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது.

1980கள் முதல் வந்த மாற்றங்கள் இழப்பை ஆழப்படுத்தின. 1985 ஏப்ரலில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட கலவரமும், 1990இன் வன்முறைகளும் நீலாவணன் காலத்துக் கூட்டு மேடையை உடைத்தன. ஒன்றாக நடித்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் வாய்ப்பும் சுருங்கியது. மார்க்கச் சீர்திருத்த உணர்வு வலுப்பெற்ற குடும்பங்களில், மர்ஹூமாகிவிட்ட தந்தையின் நடிப்பைப் பற்றிப் பேசக் கூச்சம் ஏற்பட்டதும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் மிகுந்த உயிர்ச்சேதம் கண்ட மாவட்டம் இதுவே. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலையொட்டிய வீடுகள் அழிந்தபோது அவற்றின் அலுமாரிகளில் இருந்த படங்களும் அழைப்பிதழ்களும் ஒலிநாடாக்களும் சேர்ந்தே அழிந்தன. நிர்வாக எல்லையும் தேடலைக் குழப்புகிறது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்; அதற்கு முந்திய கலைஞர் பற்றிய குறிப்புகள் மட்டக்களப்பின் பெயரிலேயே இருப்பதால் தேடுவோர் இரண்டு இடத்திலும் தேட வேண்டியுள்ளது.

இதற்கிடையே அரசின் நினைவுமுறை வேறொரு திசையில் வளர்ந்தது. கலாசாரத் திணைக்களம் மூத்த கலைஞருக்கு வழங்கும் 'கலாபூஷணம்' விருதும், 1990களின் தொடக்கத்தில் முஸ்லிம் சமய கலாசார அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சு நடத்திய 'வாழ்வோரை வாழ்த்துவோம்' விழாக்களும் உயிரோடு இருப்போரைப் போற்றுபவை. வாழும்போதே பாராட்டுவது நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் மூத்த கலைஞர் என்னும் வயதை எட்டுமுன் மறைந்தவர்களுக்கு அவற்றின் வாசல் திறக்கவேயில்லை. விருதுக்கு எழுதப்பட்ட தன்விவரக் குறிப்புகளும் பிரதேச சாகித்திய விழா மலர்களும் இன்று சான்றுகளாகப் பயன்படுகின்றன. பீ.எம். புன்னியாமீன் தொகுத்த 'இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் விபரத்திரட்டு' தன் தலைப்பிலேயே கலைஞர்களுக்கு இடம் தந்தது குறிப்பிடத்தக்கது. அதற்கு மாறாக, சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ்.எச்.எம். ஜெமீலின் 'சுவடி ஆற்றுப்படை' இலங்கை முஸ்லிம்களின் நூல்களை அரிய உழைப்போடு பட்டியலிட்டதாயினும், நூற்பட்டியல் என்ற அதன் இயல்பினாலேயே நூல் எழுதாத நடிகரைத் தொட முடியவில்லை. நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்தில் விழா மலர்களும் ஆளுமைக் குறிப்புகளும் ஏறத் தொடங்கியபின் இந்த இடைவெளி சிறிது குறைந்துள்ளது. எனினும் அங்கும் ஏறுவன பெரும்பாலும் அச்சானவையே.

1960களில் இளைஞராக மேடையேறியோர் இன்று எண்பது வயதை நெருங்கியோ கடந்தோ இருக்கின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பிரதேச செயலகங்களின் கலாசாரப் பேரவைகள் அடுத்த சாகித்திய மலருக்கு வாழ்த்துச் செய்திகளைக் குறைத்து, பழைய நாடகம் ஒவ்வொன்றிலும் யார் எந்த வேடம் ஏற்றார் என்ற பட்டியலைக் கேட்டு எழுதிச் சேர்க்க வேண்டும். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர் இப்பணியைத் தம் ஆய்வேடுகளுக்குப் பொருளாக்கலாம். பழைய அழைப்பிதழோ துண்டுப்பிரசுரமோ மேடைப் படமோ ஒலிநாடாவோ வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றை எறிந்துவிடாமல், நடித்தவர் பெயரைப் பின்புறத்தில் எழுதி, ஒரு பிரதியை அருகிலுள்ள பொது நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.