குறுங்கடனும் பெண்கள் அமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஏழைப் பெண்கள் சிறுதொழில் நடத்துவதற்கு ஈடின்றி வழங்கப்பெறும் சிறுதொகைக் கடனைக் குறுங்கடன் என்கிறோம். இதன் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் வங்காளதேசத்தின் கிராமின் வங்கியிலிருந்தே தொடங்குவர். ஆயின், அதன் தொடக்க முயற்சிக்கு ஈராண்டு முன்னரே, இந்தியாவின் அகமதாபாத் நகரில் உழைக்கும் பெண்கள் தமக்கென ஒரு வங்கியை நிறுவியிருந்தனர். இவ்விரு தொடக்கங்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, குறுங்கடனின் ஏற்றத்தாழ்வுகளைத் தீர்மானித்ததில் கடன்தொகையைவிட அதனைத் தாங்கிய அமைப்புக்கே பெரும்பங்கு உண்டு என்பது புலப்படும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகமதாபாத்: சங்கத்திலிருந்து வங்கி

தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், பழந்துணி வணிகம் செய்வோர் முதலிய பெண்களைத் திரட்டி, எலா பட் (1933–2022) தொடங்கிய 'சேவா' எனும் சுயதொழில் பெண்கள் சங்கம் 1972இல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. இப்பெண்களுட் பலர் காலையில் கடனாகப் பெற்ற முதலை மாலையில் வட்டியுடன் திருப்பித் தரவேண்டிய நிலையில் இருந்தனர். 1969இல் இந்தியாவின் பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னரும், எழுத்தறிவற்ற இவர்களுக்கு வங்கியின் வாயில் எளிதில் திறக்கவில்லை.

எனவே, 1974இல் நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை செலுத்திக் கூட்டுறவு வங்கியொன்றை அமைத்தனர். கையொப்பமிட அறியாதவர்களை அடையாளங் காண, கணக்குப் புத்தகத்தில் நிழற்படம் ஒட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. இங்குக் கடனுக்கு இணையாகச் சேமிப்பும் பேணப்பட்டது. வங்கிக்கு உரிமையாளரும் வாடிக்கையாளரும் அப்பெண்களே என்பது குறிப்பிடத்தக்கது.

ஜோப்ரா: குழுவே ஈடாதல்

1974இல் வங்காளதேசத்தைத் தாக்கிய பஞ்சம், சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுசின் சிந்தனையைத் திசைதிருப்பியது. பல்கலைக்கழகத்தை அடுத்த ஜோப்ரா சிற்றூரில் மூங்கில் இருக்கை முடையும் பெண்ணொருவர், மூங்கிலுக்கான முதலை வணிகரிடம் பெற்றமையால், முடைந்த பொருளை அவருக்கே அவர் கூறிய விலைக்கு விற்க வேண்டியவராக இருந்தார். இத்தகைய 42 பேரின் கடன்தேவை மொத்தம் 856 டாக்கா மட்டுமே. 1976இல் யூனுஸ் அத்தொகையைத் தம் கைப்பொருளிலிருந்து அளித்தார்.

இம்முயற்சி 1983இல் கிராமின் வங்கியாக உருப்பெற்றது. ஐவர் கொண்ட குழு, வாராந்தரக் கூட்டம், வாராந்தரத் தவணை என்பன அதன் நடைமுறைகளாயின. நிலத்தையோ நகையையோ ஈடாகக் கேளாத வங்கி, உறுப்பினர்தம் பரஸ்பரப் பொறுப்பையே ஈடாகக் கொண்டது எனலாம். தொடக்கத்தில் ஆண்களும் பெருமளவிற் கடன் பெற்றனர். நாளடைவில் பெண்களே மிகப் பெரும்பான்மையினராயினர். 2006இல் யூனுசுக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிட்டியது.

பரவல்

சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் நிறுவிய உழைக்கும் மகளிர் மன்றம், முதலில் பெண்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே பாலமாக நின்று, பின்னர்த் தனக்கெனக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டது. மலேசியாவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராமின் முறையை 1986இல் சிலாங்கூரின் வடமேற்குப் பகுதியில் சோதித்தனர். அதன் பயனாக 1987இல் அமானா இக்தியார் மலேசியா தோன்றியது.

கடன் மட்டும் எஞ்சியபோது

1990களின் பின்னர் இலாப நோக்குடைய நிறுவனங்களும் இத்துறையில் நுழைந்தன. குழுப்பொறுப்பும் வாராந்தரத் தவணையும் தொடர்ந்தன. சேமிப்பும் சங்க உணர்வும் பின்தள்ளப்பட்டன. ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே குடும்பம் பல நிறுவனங்களிடம் கடன்பட்டது. ஒருத்தியின் தவணை தவறின், அண்டை வீட்டாரே அவள் வாயிலில் நின்று கேட்கும் நிலை உருவாயிற்று. தற்கொலைச் செய்திகள் வெளிவந்ததைத் தொடர்ந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, வற்புறுத்தி வசூலிப்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டில்தான் அத்துறையின் பெருநிறுவனம் ஒன்று பங்குச் சந்தையில் நுழைந்திருந்தது.

ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஏற்கெனவே தொழில் செய்தோர் அதனை விரிவாக்கினர். ஆயின் குடும்பங்களின் சராசரி நுகர்வோ, வீட்டில் பெண்களின் முடிவெடுக்கும் உரிமையோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று அது காட்டியது. எனவே, கடன் பயனற்றது என்பதன்று. கடன் தனித்து நின்று பெண்ணின் நிலையை மாற்றிவிடும் எனும் நம்பிக்கையே ஐயத்திற்குரியதாகின்றது.

முடிவுரை

அகமதாபாத் பெண்கள் கடன் கேட்பதற்கு முன்னரே கூலிக்காகவும் உரிமைக்காகவும் ஒன்றுபட்டிருந்தனர். கடன் அவ்வொற்றுமையின் விளைவாக வந்தது. ஆந்திரத்தில் கடனுக்காகவே குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆகவே, தவணை தவறியபோது குழு உறுப்பினருக்கு அரணாகாமல், அவரை நெருக்கும் கருவியாயிற்று. குறுங்கடன் திட்டமொன்றை மதிப்பிடுங்கால், எத்தனை பேர் கடன் பெற்றனர், எவ்வளவு திரும்ப வந்தது என்பவற்றோடு, அவ்வமைப்பில் பெண்களுக்கு உரிமை உண்டா, தவணை தவறியவளுக்கு யார் துணை நிற்கின்றனர் என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவாகும்.