மனப்பதற்றம்: அன்றாட வாழ்வில் எதிர்கொள்ளும் முறைகள்

மனப்பதற்றம் என்றால் என்ன?

தேர்வு, கடன், வேலை இழப்பு, குடும்பத்தில் ஒருவரது நோய் போன்ற சூழல்களில் கவலை கொள்வது இயல்பே. ஆபத்தை முன்னுணர்ந்து உடலை ஆயத்தப்படுத்துவது பதற்றத்தின் பணியாகும். ஆனால் காரணம் நீங்கிய பின்னும் கவலை நீங்காமல் உறக்கம், பணி, உறவுகள் ஆகியவற்றைப் பாதிக்குமானால் அதில் கவனம் செலுத்த வேண்டும். பலவற்றைப் பற்றிய அடக்க இயலாத கவலை, பெரும்பாலான நாட்களில் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் பதற்றக் கோளாறாக இருக்கக்கூடும்.

அறிகுறிகள்

• நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், மூச்சு முட்டுதல்
• வயிற்றுக் கோளாறு, தசை இறுக்கம், தலைவலி
• உறக்கமின்மை, எரிச்சல், கவனக் குறைவு
• ஏதோ தீங்கு நேரப்போகிறது என்ற ஓயாத எண்ணம்

தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை ஆகியவற்றாலும் படபடப்பு உண்டாகலாம். எனவே முதலில் மருத்துவரிடம் உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். திடீரென நெஞ்சுவலி ஏற்பட்டால் பதற்றம் என்று கருதித் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

பதற்றம் ஏன் நீடிக்கிறது?

பேருந்தில் ஒருமுறை படபடப்பு ஏற்பட்ட ஒருவர், மறுநாள் பேருந்தைத் தவிர்க்கிறார். உடனே நிம்மதி கிடைக்கிறது. ஆயினும், "ஏறாததால்தான் தப்பித்தேன்" என்று மனம் கற்றுக்கொள்கிறது. பின்னர் சந்தை, திருமண வீடு எனத் தவிர்க்கும் இடங்கள் பெருகுகின்றன. தவிர்ப்பதால் அச்சம் வளர்கிறது. சிறிது சிறிதாக எதிர்கொள்வதால் குறைகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மூச்சுப் பயிற்சி: 4 எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக வெளிவிடவும். நாள்தோறும் 5 நிமிடம் பழகினால், பதற்றம் கூடும் நேரத்தில் இது எளிதில் கைகொடுக்கும்.

2. கவலைக்கென ஒரு நேரம்: மாலையில் 15 நிமிடம் ஒதுக்கிக் கவலைகளை எழுதவும். இன்று செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது எனப் பிரிக்கவும். மற்ற நேரங்களில் எழும் கவலையை அந்த நேரத்திற்குத் தள்ளி வைக்கவும்.

3. படிப்படியாக எதிர்கொள்ளுதல்: முதலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்றல், பின்னர் துணையுடன் ஒரு நிறுத்தம் வரை பயணித்தல், அடுத்துத் தனியே செல்லுதல் எனப் படிகளை அமைத்துக்கொள்ளவும். ஒவ்வொரு படியையும் அச்சம் குறையும் வரை பலமுறை செய்யவும்.

4. நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யவும். காபி, தேநீரைக் குறைக்கவும். மது சற்று நேரம் அமைதி தந்து, பின்னர் பதற்றத்தைக் கூட்டும்.

குடும்பத்தினரின் கவனத்திற்கு

• "இதற்கெல்லாமா பயப்படுவது?" என்று கேட்பது அவரை மேலும் தனிமைப்படுத்தும்.
• "எனக்கு ஒன்றும் ஆகாதே?" என்ற ஒரே கேள்விக்கு ஓயாமல் உறுதியளிப்பது, அந்தக் கேள்வியையே வளர்க்கும். "பயமாக இருப்பது புரிகிறது, நான் உடன் இருக்கிறேன்" என்று கூறி, அவர் மேற்கொள்ளும் பயிற்சிக்குத் துணை நிற்கவும்.
• அவருடைய எல்லா வேலைகளையும் நீங்களே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.
• பராமரிப்பவருக்கும் ஓய்வு தேவை. பொறுப்புகளை வீட்டில் பகிர்ந்துகொள்ளவும்.

சிகிச்சை

பதற்றக் கோளாறுக்கு உளவியல் சிகிச்சையும் மருந்துகளும் நல்ல பலன் தருகின்றன. பதற்றத்திற்கான முதன்மை மருந்துகள் முழுப்பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உட்கொள்வது அவற்றுக்கு அடிமையாக்கக்கூடும்.

எங்கே உதவி பெறலாம்?

• அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு
• 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவை: 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அரசு மனநலச் சேவையைப் பெறுவது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அளிக்கும் உரிமையாகும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தினால் அவரைத் தனியே விடாமல், உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.