ஈரோடு பிரப் சர்ச்: பழைய படம் யாருக்குச் சொந்தம்?

"படம் உதவி: கூகிள்". பழைய கோயில், பழைய சர்ச், பழைய ரயில் நிலையம் என்று எதைப் பற்றி எழுதினாலும், படத்துக்குக் கீழே இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற நம்பிக்கை இணையத்தில் பலருக்கு இருக்கிறது. கூகிள் தேடித் தந்தது, அவ்வளவுதான். 1930களில் ஈரோட்டுக்கு வந்து கேமரா பிடித்தவர் வேறு யாரோ!

குமாரபாளையத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, பவானி வழியாகப் போனால் ஈரோடு. அங்கே பிரப் நினைவு ஆலயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் மிஷன் சார்பில் வந்த ஏ.டபிள்யூ. பிரப் பாதிரியாரின் பெயர் அந்த ஆலயத்துக்கும் அது நிற்கும் சாலைக்கும் ஒட்டிக்கொண்டது. இதே லண்டன் மிஷன் 1827லேயே சேலத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது. மிஷனரிகள் இங்கே எடுத்த படங்களை ஊருக்கு அனுப்பினார்கள். மிஷன் பத்திரிகையில் போடவும், காணிக்கை திரட்டும் கூட்டங்களில் காட்டவும் படம் தேவைப்பட்டது. 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது சபைகள் அதற்குள் வந்தன. லண்டனுக்குப் போன காகிதங்கள் லண்டனிலேயே தங்கின. 1973ல் அந்த மிஷனின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று இந்தப் பக்கத்துச் சபை ஒன்று நூற்றாண்டு மலர் போட நினைத்தால், தன் சொந்த ஆலயத்தின் பழைய முகத்தைத் தேடி அங்கேதான் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

சரி, அந்தப் படம் கிடைத்தால் இணையத்தில் போடலாமா? "பழசுதானே" என்பது பதில் ஆகாது. படம் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, வெளியிடப்பட்டதா, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில், 1911 லண்டன் சட்டத்தை ஒட்டி 1914ல் இந்தியாவுக்கும் ஒரு காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன்படி புகைப்படத்துக்கு உரிமை, நெகடிவ் உருவான நாளிலிருந்து 50 ஆண்டு. சேலம் கிறிஸ்து ஆலயத்தை 1875ல் யாராவது படம் எடுத்திருந்தால் 1925க்குப் பிறகு அது பொதுச்சொத்து. பிறகு 1957ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அது கணக்கை மாற்றியது: படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50. அந்த 50 பின்னர் 60 ஆனதற்குக் காரணம் போட்டோகிராபர்கள் இல்லை, தாகூர்! அவர் இறந்தது 1941ல். 1991 முடிவில் அவர் படைப்புகளின் உரிமை காலாவதியாக இருந்தது. அதைக் காப்பாற்றப் போய் எல்லோருக்கும் பத்து ஆண்டு கூடிவிட்டது. 2012 திருத்தம் புகைப்படத்துக்கான தனிக்கணக்கையே எடுத்துவிட்டது. இப்போது எடுத்தவரின் ஆயுள், அதற்குமேல் 60 ஆண்டு.

பிரப் ஆலயத்தின் படம் ஒன்று 1933ல் எடுக்கப்பட்டு அதே ஆண்டு மிஷன் பத்திரிகையில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கிலும் 1983, புதிய கணக்கிலும் 1983. பத்து ஆண்டு கூடும் முன்பே கதை முடிந்தது. இந்தியாவில் தாராளமாகப் போடலாம். ஆனால் அதே படம் எங்கும் அச்சேறாமல் அலமாரியில் தூங்கியிருந்தால்? வெளியிட்ட நாளிலிருந்து எண்ணும் சட்டத்தில், வெளியிடாத படத்துக்குக் கடிகாரமே ஓடாது. அங்கே எடுத்தவர் யார், எப்போது இறந்தார் என்று தேட வேண்டும். வக்கீல் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு குழப்பம், பிரிண்ட் யாரிடம் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று நினைப்பது. குமாரபாளையம் லுங்கியை வாங்கியவர் கட்டிக்கொள்ளலாம், விற்கலாம். அதனால் டிசைன் அவருடையது ஆகிவிடாது. படமும் அப்படித்தான். இதில் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. ஆலய வாசலில் நின்று எடுத்த கல்யாணப் படம் ஸ்டூடியோவுக்குச் சொந்தமில்லை, அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். அதை எடுத்துப் போடுமுன் அவர்களைக் கேட்பதுதான் முறை.

அடுத்தது ஸ்கேன். உரிமை முடிந்த படத்தை ஸ்கேன் செய்து, மேலே முத்திரை குத்தி, "எங்கள் காப்புரிமை" என்று போடும் நிறுவனங்கள் உண்டு. 2009ல் லண்டன் தேசிய உருவப்பட அரங்கம், தன் தளத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியாவில் ஏற்றிய ஒருவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. ஓவியங்களோ நூற்றாண்டுகள் பழையவை! அமெரிக்காவில் 1999லேயே ஒரு நியூயார்க் நீதிமன்றம், அச்சு அசலான நகலுக்குப் புது உரிமை இல்லை என்று சொல்லியிருந்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2007ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்றது. அது தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய வழக்கு. ஆனாலும் ஸ்கேனர் பொத்தானை அமுக்குவதில் என்ன படைப்புத்திறன் என்று யாரும் கேட்கலாம். அதேசமயம், நூலகத்தின் நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் வாங்கியிருந்தால் அந்த ஒப்பந்தம் தனியாகக் கட்டுப்படுத்தும்.

இத்தனை சிக்கலும் வேண்டாம் என்பவருக்கு வழி எளிது. கட்டடத்தைப் படம் எடுப்பதை நம் சட்டம் 52ஆம் பிரிவிலேயே அனுமதிக்கிறது. பிரப் சர்ச் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, ஈரோடு பஸ்ஸும் அடிக்கடி இருக்கிறது :-)