மந்தையை மடக்க நாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தது? 'பார்டர் காலி'யின் பிறவித் திறமை!

அதுவரை ஆட்டையே பார்த்திராத குட்டி நாய் அது. முதன்முறையா மந்தை முன்னால் விட்டதும் தலையைத் தாழ்த்தி, உடம்பை ஒடுக்கி, ஆடுகளை வெறித்துப் பார்க்க ஆரம்பிக்கும். இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் உருவான 'பார்டர் காலி' இன நாய்களிடம் இது சர்வ சாதாரணம்.

யாரும் பழக்காமல் இது எப்படி வருகிறது?

பதில் ஓநாயிடம் இருக்கிறது. இரையைக் கண்டு, உற்றுப் பார்த்து, பதுங்கி நெருங்கி, துரத்தி, கடித்துக் கொல்வது ஓநாயின் வேட்டை வரிசை. இதில் முதல் பாதி வலுவாகவும், கடித்துக் கொல்லும் பாதி மங்கியும் இருக்கும் நாய்களையே மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தார்கள். அதாவது, மந்தை மேய்ப்பது பாதியில் நிறுத்தப்பட்ட வேட்டைதான். நம்மூர் ஆட்டுக்கிடையில் காவலுக்குப் படுத்திருக்கும் நாயின் வேலை வேறு. அது மந்தையை ஓட்டாது, காக்கும்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. மேய்ப்பர் கடிகாரத்தில் 6 மணி இடத்தில் நின்றால், நாய் தானாகவே ஆடுகளைச் சுற்றிக்கொண்டு 12 மணி இடத்துக்குப் போய் நிற்கும். ஆடுகள் மேய்ப்பரை நோக்கி நகரும். அப்போ பயிற்சி எதுக்கு? 'கம் பை' என்றால் வலஞ்சுழியாக, 'அவே' என்றால் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் பிரேக் போடத்தான் பயிற்சி!

1893-ல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் வளர்த்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாய்தான் இந்த இனத்தின் மூதாதையாகக் கருதப்படுகிறது. குரைத்து மிரட்டாமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்திய அதன் பாணி மேய்ப்பர்களுக்குப் பிடித்துப்போனது. அதற்கு 200-க்கும் மேற்பட்ட குட்டிகள் பிறந்தன.

அழகா, வேலையா?

1906-ல் தொடங்கப்பட்ட சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கத்தில், பதிவில்லாத நாய்கூட வேலையை நிரூபித்தால் பதிவு பெற முடியும். ஆனால் 1995-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த இனத்தை அங்கீகரித்தபோது, வேலை நாய் வளர்ப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களின் பயம் நியாயமானதே. உயரம், முடி, நிறம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மந்தையைப் புரிந்துகொள்ளும் மூளை கண்காட்சி மேடையில் தெரியாது. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில தலைமுறைகளிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

வேலையே கொடுக்காமல் அபார்ட்மென்டில் வளர்த்தால் வேறு சிக்கல். ஆடு இல்லையென்றால் என்ன, சைக்கிள் இருக்கிறதே! ஓடி விளையாடும் குழந்தைகளையும் சுற்றிச் சுற்றி வந்து ஒரே மூலையில் சேர்க்கப் பார்க்கும்.